மீன் பிடிக்கப் போகிறவரைக் கேட்கக் கூடாது

"எங்க போறீங்க? நானும் வரட்டுமா?"

"போச்சு! கேட்டுட்டியா?"

"ஏன், கேட்டா என்னவாம்?"

"ஒங்கப்பா வீட்டுல யாரும் மீன் புடிக்கப் போனதே இல்லியா புள்ள? தூண்டிலோட கெளம்புறவன எங்கன்னு கேக்கக் கூடாது. எப்ப வருவேன்னு கேக்கக் கூடாது. நானும் வரேன்னு சொல்லவே கூடாது. அது பந்தாங், ஆகாது. இனிமே இன்னிக்கு ஒரு குஞ்சுகூட மாட்டாது லா."

"அப்ப நா என்னதான் சொல்றது?"

"ஒன்னும் சொல்லாத. அந்தப் பக்கம் திரும்பி அடுப்பப் பாரு. அதான் எனக்கு ராசி."

கல்யாணமான புதிதில், ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நடந்த இந்தப் பேச்சு மயிலம்மாளுக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. அன்றைக்கு அவள் மாம்பழக் கலர் சேலை கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, ஆற்றங்கரையில் இரண்டு பேரும் உட்காரப் போகிறோம் என்று தானாகவே முடிவு செய்துகொண்டு நின்றாள். திருச்செல்வம் மோட்டார் சைக்கிளில் கட்டிய தூண்டில் கம்பை அவிழ்த்துக் கூரை இடுக்கில் செருகிவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டுப் படுத்துவிட்டார். கோபம்கூட இல்லை. மழை வந்தால் பால் வெட்டப் போகாமல் இருப்பார்களே, அப்படி.

அதற்குப் பிறகு அவள் கேட்டதில்லை. கம்பை எடுக்கும் சத்தம் கேட்டால் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். மகள் ரோகினி பேசப் பழகிய வயதில், "அப்பா எங்க..." என்று ஆரம்பித்தபோது ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். ஆற்றங்கரை ஆசை மட்டும் போகவில்லை. சமையலுக்கு நடுவே எப்போதாவது எட்டிப் பார்க்கும். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று உலையில் அரிசியைப் போட்டுவிடுவாள்.

தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. திருச்செல்வம் லோரியில் முதலில் ரப்பர் பால் ஏற்றினார், பிறகு செம்பனைக் குலை ஏற்றினார், பிறகு ஓய்வு பெற்றார். தோட்டத்தில் பாதியை விற்று ரந்தாவ் பக்கம் தாமான் என்று ஒரு புதுக் குடியிருப்பு கட்டியபோது அதில் ஒரு வரிசை வீடு கிடைத்தது. பின்வாசல் சாக்கடையைத் தாண்டினால் இன்னமும் செம்பனைதான். ரோகினி ஜொகூரில் குடும்பமாகிவிட்டாள்.

ஓய்வுக் காலம் என்பது திருச்செல்வத்துக்கு மீன்தான். காலையில் பசியாறியதும் செம்பனைப் பழத்தை அவித்து இரைக்கு எடுத்துக்கொண்டு கிளம்புவார். இரண்டு வீடு தள்ளியிருந்த சத்தியசீலனுக்கும் அதே வியாதி. தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். சாயங்காலம் இரண்டு பேரும் கோப்பியும் கையுமாக அவரவர் பிடித்த மீனை ஒரு சாண் நீட்டிப் பேசுவார்கள். ஆனால் சேர்ந்து போனதில்லை. நல்ல இடம் தெரிந்தவன் அதைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லமாட்டான். "கிராணியாரே, எங்க புடிச்சீங்க?" என்று இவர் கேட்பார். "தண்ணியில" என்பார் அவர்.

போன வருஷம் மழைக் காலத்தில் சத்தியசீலன் திரும்பி வரவில்லை.

திருச்செல்வம்தான் தேட வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். கிராணியார் பெருமையடித்த விரால்களை வைத்து, லிங்கி ஆற்றின் வளைவாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டார். பிறகு கோலா சாவா பக்கம் போனார்கள். தேடாத கரை இல்லை. கடைசியில் மாடு ஓட்டி வந்த ஒருவர்தான் பார்த்தார். தாமானுக்குப் பின்னால், ரப்பர் ஷீட்டைப் புகை போட்ட தோட்டத்துப் பழைய புகைவீட்டை ஒட்டிய குளத்தில். கூப்பிட்டால் கேட்கும் தூரம். வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்திருந்தது. தண்ணீரில் மூழ்கவில்லை. சேற்றில் கிடந்து, மழையில் நனைந்து, வெகுநேரம் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். பக்கத்தில் புல்லெல்லாம் பிடுங்கிக் கிடந்தது.

அவர் மனைவி குமுதவல்லியும் மயிலம்மாளும் மத்தியானத்தில் கேரம் ஆடுவார்கள். துக்கம் முடிந்தும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. குமுதவல்லி பவுடரைப் பலகையில் தட்டிக்கொண்டே பேசுவாள்.

"மயிலு, சிவப்பப் போட்டா தொணைக்காய் போடணும். ஏமாத்தாத."

"போடுறேன் லாக்கா. பேசியே கையக் கலைக்காதீங்க."

"ஒனக்குக் கை தானாவே கலையுது. என்ன வந்துச்சு?"

மயிலம்மாள் ஸ்ட்ரைக்கரை அவள் பக்கம் தள்ளினாள். குமுதவல்லி காயைச் சுண்டினாள். குழி விளிம்பில் இடித்து நின்றது. பவுடரை மறுபடி தட்டிவிட்டு, ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

"ஒங்க வீட்டுக்காரரு இன்னும் போறாரா?"

"போறாரு."

"எங்கன்னு தெரியுமா?"

"எப்படிக்கா தெரியும்?"

"எனக்குந்தான் தெரியாது. அந்தப் போலீஸ்காரப் பையன் கேட்டான், எங்க போனாருன்னு. தெரியாதுன்னேன். எப்ப வருவேன்னாருன்னு கேட்டான். தெரியாதுன்னேன். யார்கூடப் போனாருன்னான். தெரியாதுன்னேன். எழுதுறத நிறுத்திட்டு என்னையப் பாத்தான். மக்சிக், நீங்க பொண்டாட்டியா, பக்கத்து வீடான்னு கேட்டான்." குமுதவல்லி சிரித்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிற்று. "பந்தாங் காப்பாத்துன பொண்டாட்டின்னு அவன்கிட்ட மலாயில எப்படிடி சொல்றது? ஆடு, ஒன் ஆட்டம்."

மயிலம்மாளுக்குக் கை கலைந்ததற்குக் காரணம் இருந்தது. திருச்செல்வத்துக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

முதலில் கோப்பி, கோப்பைக்கு வெளியே ஊற்றியது. பிறகு ஒரு நாள் கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறி, அதோடேயே வீட்டுக்கு வந்தார். சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அவளும் கூடப் போனாள். இனிப்பு நீர் கண்ணின் நரம்பைத் தின்றுவிட்டது, வலது கண் முடிந்துபோயிற்று, இடது கண்ணில் இருப்பதையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் மலாயில் சொன்னார். பாக்சிக் என்று அவரைக் கூப்பிட்டு, இனி மோட்டார் ஓட்டவே கூடாது என்றும் சொன்னார். மயிலம்மாளுக்கு எல்லாம் விளங்கிற்று. வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது திருச்செல்வம் தொண்டையைச் செருமினார்.

"கண்ணாடி மாத்தணுமாம். வேற ஒன்னுமில்ல."

"சரிங்க."

அவர் விளங்காத மாதிரி இருந்தார். அவளும் விளங்காத மாதிரி இருந்தாள்.

ரோகினியிடம் போனில் அழுதாள். "மோட்டார் சாவிய எடுத்து ஒளிச்சு வையுங்கம்மா. அவ்வளவுதானே? நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துருங்கன்னு எத்தன தடவ சொல்றேன்" என்றாள் மகள். ஒளித்து வைத்தாள். திருச்செல்வம் சாவியைத் தேடிக் கை வைக்காத இடமில்லை. அவளைக் கேட்கவில்லை. பிறகு முன்வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில், சாத்திய மோட்டாரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அவித்த செம்பனைப் பழம் பையிலேயே புளித்து நாறியது. பசியாறக் கூப்பிட்டால் "ம்" என்றார், எழுந்து வரவில்லை. இருட்டிய பிறகும் விளக்கைப் போடச் சொல்லவில்லை. விளக்கு எரியவில்லை என்பதே அவருக்குத் தெரிந்ததா என்று அவளுக்குப் புரியவில்லை. இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து செத்துப்போவார் என்று பட்டது. மறுநாள் சாவியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சோபாவுக்கு அடியில கெடந்துச்சுங்க."

அவர் வாங்கிக்கொண்டார். மறுபடியும் கம்பை எடுக்கும் சத்தம். அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். மோட்டார் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறையும்வரை கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகிறவர் திரும்ப வருகிற ஒவ்வொரு மத்தியானமும் அவளுக்கு மறுபடி தாலி கட்டின மாதிரி இருந்தது.

மீன் மட்டும் வருவதில்லை. மாதக் கணக்காகத் தட்டும் காலி, சட்டியும் காலி. "தண்ணி கலங்கிக் கெடக்கு" என்பார். "வெயிலு" என்பார். முள்ளில் நரம்பைக் கோக்கத் தெரியாமல் கரையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்று மயிலம்மாளுக்குத் தெரியும். எந்தக் கரை என்றுதான் தெரியாது.

நேற்று ஒரு பையோடு வந்தார். முகத்தில் வெகுநாள் காணாத களை.

"இந்தா புள்ள. செவப்புத் தில்லாப்பியா. சும்மா இழுத்துச்சு பாரு, கம்பே ஒடியுற மாதிரி."

"அட, பெருசாத்தான் இருக்கு. சுத்தமும் பண்ணிட்டீங்களா?"

"கரையிலேயே பண்ணிட்டேன். ஒனக்கு எதுக்குச் செரமம்."

தொட்டிக்கு எடுத்துப் போய்ப் பையைப் பிரித்தாள். பாசார் ஐஸ் இன்னும் மீனின் வயிற்றுக்குள் உருகாமல் இருந்தது. மீன் சிவப்புத்தான். ஆனால் அது தில்லாப்பியா இல்லை. போர்ட்டிக்சனிலிருந்து வருகிற கடல் மீன். நாற்பது வருஷம் குளத்திலும் ஆற்றிலும் மீன் பிடித்த மனுஷன், வாலைத் தொட்டே பெயர் சொல்கிறவர், பாசாரில் சிவப்பாகத் தெரிந்ததைக் கையால் காட்டி வாங்கியிருக்கிறார். விற்றவன் கழுவிக் கொடுத்ததைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்து பார்த்தும் பயனில்லை என்று விட்டிருப்பார்.

குழாயைத் திறந்துவிட்டாள், அழுகிற சத்தம் கேட்காமலிருக்க.

புளி கரைத்து, வெண்டைக்காய் போட்டு, குழம்பு வைத்தாள். இரண்டு பேரும் எதிரெதிராகச் சாப்பிட்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குங்க."

"கொளத்து மீனு ருசியே வேற லா."

"ஆமாங்க."

அவர் முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்தார். ஒரு துண்டை வாயில் வைத்து மென்றார். மெல்லுவதைப் பாதியில் நிறுத்தினார். கண்ணுக்குத் தெரியாதது நாக்குக்குத் தெரிந்துவிட்டது. மயிலம்மாள் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தாள். சோறு முழுவதையும் தின்று முடித்தார். தட்டைக் கழுவப் போகிறபோது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார்.

இன்றைக்குக் காலையில் பசியாறியதும் கம்பை எடுத்தார். இரைக்குச் செம்பனைப் பழம் அவிக்கவில்லை. அதை அவள் கவனித்தாள். கிழங்கு இல்லை, மண்புழு இல்லை. வெறும் கம்பு.

மயிலம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

முன்வாசலில் இரும்புக் கதவின் தாழ்ப்பாளை உள்ளங்கையால் தேடுகிற சத்தம் கேட்டது. மேலே, கீழே, மறுபடி மேலே. வாழ்நாள் முழுக்கக் கதவு திறக்கிற சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறாள், தேடுகிற சத்தத்தை இல்லை. சேற்றில் பிடுங்கிக் கிடந்த புல் நினைவுக்கு வந்தது. நீங்க பொண்டாட்டியா, பக்கத்து வீடா?

திரும்பினாள். சிலிப்பரை மாட்டாமலே வாசலுக்கு வந்து மோட்டாரின் பின்கம்பியைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க?"

திருச்செல்வத்தின் கை தாழ்ப்பாளிலேயே நின்றது. அவர் திரும்பவில்லை. இப்போது கம்பை அவிழ்ப்பார், உள்ளே கொண்டுபோய்ச் சாத்துவார், அந்த நாற்காலியில் உட்காருவார், அதோடு எல்லாம் முடியும் என்று அவள் நினைத்தாள். ஆனாலும் கம்பியை விடவில்லை.

"கேக்குறேன்ல? எங்க போறீங்க?"

"இங்கதான். பொகவீட்டுக் கொளத்துக்கு."

"கிராணியாரு கெடந்த எடத்துக்கா?"

"ம்."

"எத்தன நாளா?"

"அவரு போனதுலேருந்து." அவர் கதவுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். "தேட வந்தவங்கள ஆத்துக்கு இட்டுக்கிட்டுப் போனவன் நாந்தானே. அவரு இங்க கெடந்து கூப்புட்டிருப்பாரு. அங்க போயி சும்மா ஒக்காந்திருப்பேன். யாராச்சும் கூப்புட்டா கேக்குதான்னு பாப்பேன். தாமான்ல மோட்டார் ஓடுற சத்தம் கொளம் வரைக்கும் கேக்குது மயிலு. பிள்ளைங்க வெளையாடுறதுகூடக் கேக்குது. அன்னிக்கு இங்கேருந்து யாராச்சும் அவரக் கூப்புட்டிருந்தா..."

பக்கத்து வீட்டில் யாரோ துணியை உதறினார்கள். மயிலம்மாள் கம்பியை விட்டுவிட்டு அவர் பக்கம் வந்தாள். சட்டைப் பைக்குள் கைவிட்டு மோட்டார் சாவியை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. தாழ்ப்பாள் மீது இருந்த அவர் கையைப் பிடித்து, சரியான இடத்துக்கு நகர்த்தி, அவர் விரலாலேயே அதை நீக்கினாள். கதவு திறந்துகொண்டது. மாம்பழக் கலர் சேலை கட்டி நின்ற அந்தக் காலையிலிருந்து தொண்டையிலேயே கிடந்தது இப்போது தானாக வந்தது.

"மோட்டார் வேணாம். நடந்தே போவோம். என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க."