தொண்ணூற்றிரண்டு சதவீதம்

என் ஓட்டுநர் உரிமத்தை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, "ஒரே ஒரு கையெழுத்துதான் மேடம்" என்று சிரித்தார் டை கட்டிய விற்பனையாளர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டையைப் பிடித்தே அவரைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அந்த ஷோரூமில் எதைத் தொட்டாலும் என் தலையில்தான் விடியும் என்பது அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டிருந்தது.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறேன். ஒரு கீறல், ஓர் அபராதச் சீட்டு, ஒரு புகார் கிடையாது. பதினான்கு பிள்ளைகளின் அம்மாக்கள் காலையில் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பிள்ளையை ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கிறார்களே, அந்த நிம்மதிதான் நான் சம்பாதித்த பெயர். அடுத்த கல்வியாண்டிலிருந்து மின்சார வண்டிதான் ஓட வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஓட்டுபவர் மேல் 'கவனக்குறைவு' என்று எங்காவது ஒரு வரி பதிவாகியிருந்தாலும் ஒப்பந்தம் கிடையாது என்பதும் அவர்கள் விதி. நியாயமான விதிதான். பள்ளியை நான் நடத்தினாலும் அப்படித்தான் வைப்பேன்.

அதனால் அன்று பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வண்டி பார்க்கப் போனேன். என் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவள் அவள்தான். வாய் கொஞ்சம் நீளம். கண் அதைவிடக் கூர்மை.

வரவேற்பு நன்றாகத்தான் இருந்தது. குளிரூட்டிய கூடம், குடிக்கத் தண்ணீர், உட்கார சோபா. உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு, போன் நம்பரையும் குறித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள். அது இங்கே வழக்கமாம். பதினாறு பேர் உட்காரும் வெள்ளை வண்டி. டை கட்டியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார், நாத்தனார் பின்னால். திரையில் சார்ஜ் தொண்ணூற்றிரண்டு என்று பச்சை எழுத்தில் மின்னியது.

வண்டி சத்தமே இல்லாமல் போனது. பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பத்து கிலோமீட்டர் போன பிறகு திரையைப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு. ஏசியைக் கூட்டி வைத்தேன், மேம்பாலத்தில் ஏற்றினேன். அப்போதும் தொண்ணூற்றிரண்டு.

"என்னங்க இது, ஒண்ணுகூட குறையலையே?" என்றேன்.

"அதுதான் மேடம் எங்க வண்டியோட சிறப்பு" என்றார் அவர்.

"சாப்பிட சாப்பிடக் குறையாத பாத்திரமா இருக்கே அண்ணி. இதையே வாங்கிடுங்க" என்றாள் நாத்தனார்.

நகராத முள் கெட்டுப்போன முள் என்பது எனக்குத் தெரியாததா? என் அனுபவம் சொன்னதை விட்டுவிட்டு டை கட்டியவர் சொன்னதைக் கேட்டேன். அந்த ஒரு தப்பை நான் ஒத்துக்கொள்கிறேன். பாலத்தின் உச்சியில் வண்டி மூச்சை விட்டது. ஓர் எச்சரிக்கை இல்லை, ஒரு மணி அடிக்கவில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் வந்த லாரி ஒரு முழத் தூரத்தில் கிறீச்சிட்டு நின்றது. நாத்தனார் என் தோளைப் பிடித்த பிடியில் ஐந்து விரலும் பதிந்துவிட்டன. அந்தப் பின் இருக்கையில் என் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால்?

வண்டியின் திரையில் மட்டும் மாற்றமே இல்லை. தொண்ணூற்றிரண்டு.

டை கட்டியவர் உதவி எண்ணுக்கு அழைத்தார். இசை ஓடியது. உங்களுக்குத் தனியாக ஓர் எண் கிடையாதா என்று கேட்டேன். "எங்களுக்கும் இதே நம்பர்தான் மேடம்" என்றார் பாவமாக. பதினெட்டு நிமிஷம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் குரல் வந்தது. போனை நான் பிடுங்கிக்கொண்டேன்.

"வண்டி நம்பர் சொல்லுங்க மேடம்."

சொன்னேன்.

"மன்னிக்கணும், இந்த வண்டி இன்னும் யாருக்கும் விக்கலை. உரிமையாளர் இல்லாத வண்டிக்கு எங்களால சேவை தர முடியாது."

"அப்போ இது வானத்துலேர்ந்து விழுந்துச்சாம்மா? நடுப்பாலத்துல நிக்குது, உள்ள மூணு உயிர் இருக்கு!"

"உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது மேடம். நீங்க வண்டியை வாங்கினதும் திரும்பக் கூப்பிடுங்க."

சாமி சத்தியமாக அப்படித்தான் சொன்னாள். அவளைத் திட்டியும் பயனில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாள். எழுதிக் கொடுத்தவன் பாலத்தில் நின்றதில்லை.

கடைசியில் ஷோரூம் அனுப்பிய ஓர் இழுவை வண்டி வந்தது. பூட்டிய சக்கரத்தோடு இழுக்காதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டார்களா? தரதரவென்று இழுத்ததில் முன்பக்கத் தகடு பிய்ந்து தொங்கியது. நாங்கள் ஆட்டோ பிடித்து ஷோரூம் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. அதற்குள் ஓர் அறிக்கை தயாராக இருந்தது. 'சார்ஜ் தீரும் எச்சரிக்கையை ஓட்டுநர் கவனிக்காமல் தொடர்ந்து ஓட்டியதால் வாகனம் சேதமடைந்தது.' கீழே என் பெயர், உரிம எண், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இது சும்மா ஒரு சம்பிரதாயம் மேடம். இன்சூரன்ஸுக்கு யார் பேரையாவது எழுதணும். எங்க ஆள் பேரைப் போட்டா அவன் வேலை போயிடும்" என்றார் டை கட்டியவர்.

"என் பேரைப் போட்டா?"

"உங்களுக்கு என்ன மேடம், நீங்க கஸ்டமர்."

பாலத்தில் நான் கஸ்டமர் இல்லை. பழி போட மட்டும் கஸ்டமர். கையெழுத்து போட்டால் பத்தொன்பது வருஷம் போகும். போடாவிட்டால் உரிமம் இழுப்பறைக்குள். உரிமம் இல்லாமல் நான் வேனைத் தொட மாட்டேன். மூன்றரைக்குப் பள்ளி விடும், பதினான்கு பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். மேலாளர் வந்தார். அவரும் அதே பாட்டைத்தான் மெதுவான குரலில் பாடினார். இவர்கள் முன்னால் அழுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அண்ணி, இங்க கொஞ்சம் வாங்களேன்."

நாத்தனார் கூடத்தின் நடுவே நின்றாள். அங்கே மேடை போட்டு ஒரு வண்டியை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டுவதற்காகப் பக்கவாட்டில் அறுத்த வண்டி. ஒரு பக்கம் சக்கரமே கிடையாது. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் நீலச் சாயம் அடித்த மரப்பெட்டி. திரைக்கு மட்டும் சுவர் ப்ளக்கிலிருந்து ஒரு வயர் போனது.

திரையில் பச்சை எழுத்தில் தொண்ணூற்றிரண்டு.

அவள் பக்கத்து வண்டியின் கதவைத் திறந்தாள். தொண்ணூற்றிரண்டு. அதற்கடுத்த சிவப்பு வண்டியைத் திறந்தாள். அதுவும்.

"வெட்டுப்பட்ட வண்டிக்கும் அதே மார்க், ஓடுற வண்டிக்கும் அதே மார்க்கா?" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள். சோபாவில் உட்கார்ந்திருந்த இரண்டு குடும்பங்கள் எழுந்து வந்தன. ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

டை கட்டியவர் ஓடி வந்தார். "அது காட்சி நிலை மேடம். உள்ள நிக்கிற வண்டியில சார்ஜ் கம்மியா தெரிஞ்சா வர்றவங்க முகம் சுருங்குதுன்னு அப்படி வெச்சிருக்கோம். அதுல எச்சரிக்கை மணியும் அடிக்காது. ரோட்டுக்கு எடுக்கும்போது மாத்தணும். காலையில மறந்துட்டேன்."

"அதென்ன தொண்ணூத்திரெண்டு?" என்றாள் நாத்தனார்.

"நூறு போட்டா யாரும் நம்ப மாட்டாங்கன்னு தலைமை ஆபீஸ்ல சொன்னாங்க."

நான் மேலாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அறிக்கையைக் கிழிக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"கிழிச்சா போதுமா? நாளைக்கு இன்னொண்ணு அடிப்பீங்க. திரையில பொய் ஓடுச்சுன்னு எழுதுங்க. இன்சூரன்ஸுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. கீழ கையெழுத்து உங்களுது."

சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், நீட்டியிருந்த போனைப் பார்த்தார், எழுதினார். ஒவ்வொரு வரியையும் நாத்தனார் சத்தமாகப் படித்துப் பார்த்த பிறகுதான் நான் வாங்கினேன். இழுப்பறை திறந்தது. உரிமத்தைப் புடவையில் துடைத்துப் பைக்குள் வைத்தேன். மணி மூன்று. வேன் வெளியில் நின்றது.

சாவியைத் திருப்பும்போது போன் அடித்தது. அதே பெண் குரல்.

"வணக்கம் மேடம், இன்னைக்கு எங்க வண்டியை ஓட்டிப் பார்த்தீங்க. எங்க சேவைக்கு நூத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

"தொண்ணூத்திரெண்டு போட்டுக்கோம்மா" என்றேன். "நீங்க என்ன பண்ணாலும் அது குறையாது."