கடைசி அரை நிமிடம்

என் வீட்டுக்காரர் தனபாலுக்குப் போனை எடுக்கத் தெரியும், பேசத் தெரியும், வைக்க மட்டும் வராது. "சரிங்க, வெச்சர்றனுங்க" என்று சொன்ன பிறகுதான் பேச்சே சூடு பிடிக்கும். திருச்செங்கோட்டில் பாதிப் பேர் அப்படித்தான். முதலில் வைப்பது மரியாதையில்லை என்று இரண்டு பக்கமும் காத்திருப்பார்கள். இவர் அந்தப் பாதிப் பேருக்கும் தலைவர்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வீடியோ மீட்டிங் ஆசை வரக் காரணம் குணசீலன். எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு போர்வெல் வண்டி. அது சத்தீஸ்கரில் ஓடுகிறது. அதற்கு மேனேஜர் குணசீலன். வேலை பிடிப்பது, ஆட்களை மேய்ப்பது, டீசல் என்று எல்லாம் அவன் தலையில்தான். அவன் போய்விட்டால் வண்டியைக் கொண்டுவந்து ஆபீஸ் முன்னால் நிறுத்தி மாலை போட வேண்டியதுதான். அதற்கேற்ப, பக்கத்துத் தெருவில் போர்வெல் வண்டி வைத்திருக்கும் சின்னுசாமி வேறொருவரின் மேனேஜரைக் கூடுதல் சம்பளம் காட்டி இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை.

"தெனமும் மொகத்தப் பாத்துப் பேசுனா எவனும் உட்டுட்டுப் போவ மாட்டான், சாரதா" என்றார். தினமும் இவர் முகத்தைப் பார்ப்பதே ஓடிப்போகப் போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் காசில்லாத ஆப் ஒன்றில் ஆரம்பித்தோம். சாயங்காலம் ஆனதும் வண்டியிலிருந்து குணசீலனும் டிரில்லர் வீரனும், ராய்ப்பூரிலிருந்து ஸ்பேர் வாங்கித் தரும் ஏஜென்ட்டும் வருவார்கள். இங்கே நாங்கள் இருவர். நாற்பது நிமிடம் ஆனால் ஆப் தானாக வெட்டிவிடும். எங்கள் ஆளுக்கு அது பெருத்த அவமானம். "பேசிட்டு இருக்கறப்ப மூஞ்சில கதவச் சாத்தற மாதிரி இருக்குது" என்று குமுறினார்.

நல்லதாக, மலிவாக ஒன்று பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு கம்பெனி ஒரு மணி நேரம் இலவசம் என்றது. "அது சவுக்கியம் விசாரிக்கவே பத்தாது" என்று தள்ளினார். இன்னொரு கம்பெனி பெரிய கேமரா, பெரிய திரை எல்லாம் வாங்கச் சொன்னது. வீட்டு முன்னறையில் இருக்கும் எங்கள் ஆபீஸில் அதை மாட்டினால் நாங்கள் வெளியேதான் உட்கார வேண்டும். மூன்றாவது கம்பெனிப் பெண்ணிடம் இவரே பேரம் பேசினார். அடிக்கு இவ்வளவு என்று துளை போட்டே பழகியவர் அல்லவா?

"நிமிசத்துக்கு எவ்வளவுங்க?"

"அப்படி இல்ல சார். மீட்டிங் நடத்துறவங்க ஒருத்தருக்கு மாசம் இவ்வளவுன்னு. கேக்க வர்றவங்களுக்குக் காசு கிடையாது."

"அப்பச் செரிங்க. பேசறது நான் ஒருத்தன் தானுங்களே!"

கல்யாணமான நாள் முதல் நான் சொல்லிவந்ததை அந்தப் பெண்ணிடம் ஒரே பேச்சில் ஒப்புக்கொண்டார். விலையும் குறைவு, நேரத்துக்கும் கட்டுப்பாடில்லை. ஒரு வருடத்துக்கே கட்டிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததைக் கூட்டம் என்று சொல்வது பாவம். "அப்பறம்?" என்பார். "ஒண்ணுமில்லீங்ணா" என்பான் குணசீலன். "இல்ல, சொல்லு" என்பார். வீரன் உட்கார்ந்தபடியே தூங்குவான். நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் இவர் அதே கம்ப்ரசரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கெட்ட செய்தி வருவது நின்றுபோயிருந்தது. பழைய ஆப்பில் நேரம் முடியப்போகிறது என்று திரையில் வந்ததும்தான் குணசீலன் வாயைத் திறப்பான். "அண்ணா, போர் போடற ராடு ஒண்ணு குழிக்குள்ள உழுந்துருச்சுங்க" என்பான், ஆப் வெட்டும். இவர் வெறும் திரையைப் பார்த்துக் கத்துவார், நான் கேட்டுக்கொள்வேன். மறுநாள் கோபம் ஆறியிருக்கும், நிதானமாகப் பேசுவார். இப்போது வெட்டும் நேரமே இல்லை. சொன்னால் முழுத் திட்டையும் உட்கார்ந்து வாங்க வேண்டும். பிறகு யார் சொல்வார்கள்? இவரோ, "பாத்தியா, மீட்டிங் போட்டதும் வண்டி எப்படி ஓடுது" என்று மீசையைத் தடவினார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காய்கறிக் கடையில் குணசீலன் மனைவி மதுமதியைப் பார்த்தேன். "ஏனுங்க்கா, அவரு வேலைய உட்டுட்டு வாரேங்கறாரே, அண்ணங்கிட்டச் சொல்லிட்டாருங்களா?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் பதறி, "நான் சொன்னேன்னு சொல்லீராதீங்க்கா" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சின்னுசாமி வேலையாகத்தான் இருக்கும். இவரிடம் சொன்னால் அப்போதே போனில் கத்துவார், அவன் அன்றைக்கே பெட்டியைக் கட்டுவான். அதனால் சாயங்காலம், "புதுசுல ஏதோ கோளாறுங்க" என்று ஒரு பொய் சொல்லி, பழைய ஆப்பையே போட்டேன்.

இவர் வழக்கம்போலப் பேசினார். நேரம் முடியப்போகிறது என்று திரையில் வந்தது. குணசீலன் தொண்டையைச் செருமினான்.

"அண்ணா, நான் வேலைய உட்டர்றனுங்க. சின்னுசாமி அண்ணங்கிட்டப் போறதுக்கில்லீங்க. என்ற புள்ள நிலா போன்ல என்னையப் பாத்து மாமாங்குதுங்ணா. போனவாட்டி ஊட்டுக்குப் போனப்ப என்ற கைக்கே வரலீங்க. சம்பளம் எச்சாக் குடுத்தாலும் வேண்டாமுங்ணா, அதுக்கு அப்பன்னு தெரியோணு..."

ஆப் வெட்டிவிட்டது.

இவர் வாயைத் திறந்தார். கத்தல் வருமென்று நான் தயாரானேன். ஆனால் இவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். சொந்த வண்டி வாங்குவதற்கு முன் இவரும் டிரில்லராகப் பல வருடம் வெளி மாநிலத்தில் கிடந்தவர். எங்கள் மகள் தனப்பிரியா குழந்தையாக இருந்தபோது, மழைக் காலத்தில் வண்டி வேலை நின்றதும் ஊர் திரும்பியவரைப் பார்த்து என் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, "இவரு எப்பம்மா போவாரு?" என்று கேட்டாள். அதை இத்தனை நாளும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

சாதாரணப் போனில் குணசீலனைக் கூப்பிட்டார். "நீ வா சாமி. இங்க ஆபீசப் பாத்துக்க. வண்டிக்கு நான் போறன்."

"அந்த மொழங்கால் வலிய வெச்சுட்டா?" என்று நான் சண்டை போட்டேன். கேட்கவில்லை. சட்டை, மாத்திரை, ஊறுகாய் எல்லாம் திட்டிக்கொண்டே எடுத்துவைத்தேன்.

இப்போது சாயங்காலக் கூட்டத்தில் குணசீலன் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். பிஸ்கட் கொடுத்தால் நிலா அவனை அப்பா என்கிறாளாம், தீர்ந்ததும் திரும்ப மாமாவாம். அதைச் சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்துபோகிறது. பேச்சு முடிந்ததும் அவன் வீட்டுக்கு ஓடிவிடுவான். திரைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் அப்படியே இருப்போம். அவர் முகமெல்லாம் பாறைத் தூசி. இத்தனை வருடமும் இந்த மனிதரின் வாயை யார் அடைப்பார்கள் என்று கேலி பேசியவள் நான். அவர் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, எப்பங்க வருவீங்க?" என்று கேட்டேன்.

மழைக்குத்தான் என்றார். இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.