குடும்பத்தில் எத்தனை பேர்

...மூன்று என்று எழுதுவதா, இரண்டு என்று எழுதுவதா, இதற்குப் போய் ஒரு மணி நேரமா, 'குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை' என்று கட்டம் போட்ட புண்ணியவான் யார் யாரைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் குறைந்தா போயிருப்பான்... ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நாளுக்கு நானூறு விரிப்புகளைத் தப்பில்லாமல் எண்ணி அடுக்குகிறவள், கல்லூரி உதவித்தொகை அலுவலகத்து பெஞ்சில் வீட்டு ஆட்களை எண்ணத் தெரியாமல் முழித்தாள். நாலு மணிக்கு ஜன்னலை மூடிவிடுவார்கள், இன்றுதான் கடைசி நாள், அரசாங்க உதவி வராவிட்டால் மகளுக்கு இரண்டாம் வருஷம் கிடையாது. மகளோ பரீட்சைக்கு ஓடுகிற அவசரத்தில், "கடைசிப் பக்கம் என்னோடது, எழுதிட்டேம்மா, முதல் ரெண்டும் நீதான் எழுதணும்" என்று காகிதங்களைத் திணித்துவிட்டுப் போய்விட்டாள். மானியம் என்றால் திருப்பித் தர வேண்டாம், கடன் என்றால் தர வேண்டும், அதுவரை புரிகிறது, 'சார்ந்திருக்கும் மாணவர்' என்றால்? யாரைச் சார்ந்து? மூன்று என்று போட்டால் புருஷனுடைய வருமானச் சான்று கேட்கிறார்கள், எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாத மனுஷனிடம் எப்படி வாங்குவது, இரண்டு என்றால் பிரிந்துவிட்டதாக எழுத வேண்டுமாம், எழுதினால் மகள் கண்ணில் பட்டுவிடுமே, அப்பா வெளியூர் வேலையில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை என்று ஐந்து வருஷமாகச் சொல்லிவந்த கதையின் குட்டு வெளிப்பட்டுவிடுமே... வருவது வரட்டும். மூன்று என்று எழுதி, அவர் வருமானத்துக்கு ஒரு கோடு இழுத்து, மகள் எழுதிய கடைசிப் பக்கத்தைப் புரட்டாமலே ஜன்னலில் நீட்டினாள்.

குமாஸ்தா அம்மாள் புரட்டிக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் நின்றாள். "ஏங்க, நீங்க மூணுன்னு போட்டிருக்கீங்க, உங்க பொண்ணு ரெண்டுன்னு எழுதியிருக்காளே. அப்பா பிரிஞ்சு அஞ்சு வருஷம், இருக்கிற இடம் தெரியாதுன்னு கையெழுத்தும் போட்டிருக்கா. எது சரி?"

"அவ... அவ எழுதினதுதாங்க."

"அப்போ இதை அடிச்சிட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

அடித்தாள், போட்டாள், முத்திரையும் விழுந்தது, இனி உதவி வந்துவிடும் போலிருக்கிறது, சந்தோஷப்பட வேண்டியதுதானே... எப்போது தெரிந்தது இவளுக்கு, யார் சொன்னார்கள், மூச்சுக்கூட விடவில்லையே. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அப்பா அனுப்பியது என்று தானே வாங்கிக் கொடுத்த உடுப்புகளுக்கு மகள் நன்றிக் கடிதம் எழுதி, ஒட்டி, "அப்பாவுக்கு அனுப்பிடும்மா" என்று கையில் தருவாள், போன மாதம்கூடத் தந்தாள், ஒன்றைக்கூடப் பிரித்துப் படிக்காமல் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறது... தெரிந்துகொண்டே எழுதினாள் என்றால், அதெல்லாம் யாருக்கு?