கழுவின கேரட்

"எங்க தோட்டத்துது" என்கிற இரண்டு வார்த்தைக்கு அந்த ஞாயிற்றுச் சந்தையில் கிலோவுக்குப் பன்னிரண்டு கூடுதல். கடைத்தெருவில் முப்பதுக்குப் போகிற கேரட், இந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன கையோடு நாற்பத்திரண்டு ஆகிவிடும். வாங்குகிறவர்களும் முணுமுணுக்காமல் கொடுப்பார்கள். சொல்கிறவர் முகத்தில் பொய் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

ஒன்பது வருடமாக அந்த இரண்டு வார்த்தையைத் தொண்டை கட்டக் கட்டக் கூவி விற்றவள், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஒரு தீக்குச்சியால் அப்பாவின் விரல் நகங்களிலிருந்து மண்ணை எடுத்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், குழாயைத் திறந்தபடியே சரிந்துவிட்டார். தண்ணீர் வீணாகிறதே என்று திட்டிக்கொண்டே அம்மா போய்ப் பார்த்தாள். அதற்கப்புறம் அம்மா யாரையும் திட்டவில்லை.

"விடுடி. எவ்வளவு சுரண்டினாலும் போகாது அது."

"நாலு பேர் வருவாங்கம்மா."

"வரட்டும். அந்த மண்ணப் பாத்துதானே அவரை மதிச்சாங்க."

உண்மைதான். சந்தையில் அவருக்குப் பெயரே மண்ணு மாமா. மற்றவர்கள் காய்களைத் துடைத்துப் பளபளவென்று அடுக்கும்போது, இவர் கேரட் மட்டும் இப்போதுதான் பிடுங்கினது மாதிரி ஈர மண்ணோடு வந்து இறங்கும். "கழுவாதம்மா. மண்ணு ஒட்டியிருக்கிற வரைக்கும் அது இன்னும் பூமிக்குள்ளதான் இருக்கோம்னு நெனச்சிட்டு இருக்கும். வாடாது" என்பார். வாங்க வந்தவர்கள் சிரித்து, ஒரு கிலோ கேட்டவர்கள் ஒன்றரையாக வாங்கிப் போவார்கள். தோட்டம் அவர் பொறுப்பு, கடை மகள் பொறுப்பு. அவர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து தலையாட்டுவார். கூவுவதெல்லாம் அவள்தான்.

அவளுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. சந்தைச் சங்கத்துக்குச் செயலாளர். விளைவித்தவர்தான் விற்கலாம், வெளிச்சரக்கு கூடாது என்பது சங்கத்தின் ஒரே விதி. வருடத்துக்கு ஒருமுறை டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் தோட்டமாகப் போய்ப் பாத்தியை அளந்து, இவ்வளவு நிலத்தில் இவ்வளவுதான் விளையும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்து வாங்கி வருவாள். அப்பா தோட்டத்து முறை வந்தபோது மட்டும் சங்கத் தலைவர் டேப்பைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துக்கொண்டார். "மண்ணு மாமா தோட்டத்த அளக்கறது, அம்மா சமையலுக்கு ரசீது கேக்கற மாதிரி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

வாசலில் ஹாரன் அடித்தது. தீக்குச்சியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். சின்ன லாரி ஒன்று வீட்டை உரசி நின்றிருந்தது. ஓட்டி வந்தவர் கீழே குதித்து, வாசலில் கிடந்த வாடகை நாற்காலிகளைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, வீட்ல விசேஷமா? மாமா சொல்லவே இல்லையே."

"அப்பா தவறிட்டாரு. நேத்து."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு லாரியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அய்யய்யோ! நேத்து மத்தியானம்கூட நல்லாப் பேசினாரே. ஆர்டர் குடுத்தாரே."

"என்ன ஆர்டர்?"

"எப்பவும் எடுக்கறதுதான். கேரட் ஆறு பெட்டி." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அழுகை ஒரு பக்கம், சரக்கு ஒரு பக்கம். வியாபாரத்தில் இருக்கிறவருக்கு இரண்டும் காத்திருக்காது. "பின்பக்கம் மண்ணுத் தொட்டிகிட்ட எறக்கிடவா?"

கொல்லைக் கொட்டகையில் ஒரு தொட்டி இருந்தது. பாதி பீப்பாயில் எப்போதும் ஈர மண். நாற்றுப் போடுவதற்கு என்று அப்பா சொல்லியிருந்தார். அதில் ஒரு நாற்றையும் அவள் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை காலைகளில் அவள் வீட்டில் இருப்பதே இல்லை. ஏழு மணிக்கே சங்க அலுவலகத்துக்குப் போய், ஞாயிறு யார் யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட வேண்டும்.

"எவ்வளவு நாளா போடறீங்க?"

"நான் இந்தப் பக்கம் வந்து ஆறு வருஷம். அதுக்கு முன்னாடி எங்க மச்சான் ஓட்டினாரு." பெட்டிகளை இறக்கியபடியே பேசினார். "பாவம் மனுஷன். மெஷின்ல கழுவி வர்ற சரக்கு இது. ஒவ்வொண்ணா மண்ணுல பொரட்டி எடுப்பாரு. 'கழுவறதுக்கு நீங்க காசு வாங்கறீங்க, அழுக்காக்கற எனக்கு யாருய்யா கூலி குடுப்பா'ம்பாரு. சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாயிடும் எனக்கு." சட்டென்று நிறுத்தி அவளைப் பார்த்தார். "கடைல நீங்கதான உக்காருவீங்க? உங்களுக்குத் தெரியும்தான?"

"எறக்குங்க" என்றாள் அவள்.

ஆறு பெட்டி கேரட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தன. குளித்துத் தலைவாரி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிள்ளைகள் மாதிரி அவ்வளவு சுத்தம். லாரிக்காரர் உள்ளே போய் அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு வந்தார். "காசு மெதுவாக் குடுங்க பாப்பா, அவசரமில்ல. கிலோ பதினெட்டுதான், மாமாவுக்குன்னு பழைய வெல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா சமையலறையில் வந்தவர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். மகள் கதவைச் சாத்தினாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

எதை என்று அம்மா கேட்கவில்லை. அதுவே பதிலாகப் போயிற்று.

"கெணறு வத்தி பத்து வருஷம் ஆச்சு. மூணுல ஒரு பங்குதான் வெளையுது. மிச்சத்துக்கு என்ன செய்வாரு?"

"நான் ஆபீஸ் வேலைய விட்டது ஒன்பது வருஷம் முன்னாடி. அவருதான் விடச் சொன்னாரு. தோட்டம் நல்லா வருது, கடைக்கு ஆள் பத்தலன்னாரு."

"ஆளுதான் பத்தல." அம்மா டம்ளர்களை அடுக்கினாள். "அவரால கூவ முடியல. பொய்யின்னா அவருக்கு நாக்கு கொழறும், வேர்த்துடும். ரெண்டு வாரம் நின்னு பாத்தாரு. சந்தேகமாப் பாத்துட்டுப் போனாங்க."

"அதனால?"

"உன் மூஞ்சிதான்டி கடைக்கு போர்டு. அதுல எழுதினத யாரும் ரெண்டாந்தடவை படிக்கறதில்ல." டீயை நீட்டினாள். "உனக்குத் தெரிஞ்சா உனக்கும் வேர்த்துடுமேன்னுதான் சொல்லல. குடி, ஆறிடும்."

அவள் டம்ளரை வாங்கி மேடைமேல் வைத்தாள்.

பத்து மணிக்குச் சங்கத் தலைவர் வந்தார். தேன் விற்கிறவர், பேச்சும் அதே பதத்தில் ஒழுகும். மாலையைச் சார்த்திவிட்டு அவளைத் தனியாக அழைத்தார்.

"நாளைக்குச் சந்தையில ஒரு நிமிஷம் மௌனம். அப்புறம் நொழைவாசல்ல ஒரு பலகை வெக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. மண்ணு மாமா படம், கீழ ஒரு வரி. அந்த வரிய நீயே எழுதிக் குடும்மா. நேர்மைன்னு ஒரு வார்த்தை வந்தா நல்லாருக்கும்."

"எழுதறேன்."

"கடைய மட்டும் விட்டுடாத. அவரு ஆத்மா அந்த தராசுகிட்டதான் இருக்கும்."

அவள் தலையாட்டினாள். அப்பா ஆட்டுகிற மாதிரியே ஆட்டினோம் என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டாள்.

கூட்டம் சேர்ந்தது. ஒன்றரைக் கிலோ வாங்கிப் போகிறவர்களில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். "அந்த மண்வாசனை இனிமே எங்க கெடைக்கும்" என்று ஒரு டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எந்தத் தொட்டியில் கிடைக்கும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது.

பதினொன்றரைக்குக் கீரைக்கார அக்கா வந்தாள். நாற்காலியில் உட்காராமல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

இவர்கள் கடை பதினான்கு; அவள் கடை பதினைந்து. ஏழு வருடம் பக்கத்துக் கடை. சில்லறைக்கும் தண்ணீருக்கும் இருவருக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மழையில் அக்காவின் பாத்தி முழுக்க அழுகிவிட்டது. அந்த ஞாயிறு அவள் கடையில் இரண்டு மூட்டை கேரட் இருந்தது. அப்பாதான் தராசுக்குப் பின்னாலிருந்து மகள் காதில் சொன்னார்: "அந்தக் கேரட்டப் பாரு. மழைல புடுங்கினது இவ்வளவு சுத்தமா இருக்குமா?" செயலாளர் எழுந்து போய்ப் பார்த்தாள். மெஷின் கழுவினது. அபராதம் இரண்டாயிரம், கடை ரத்து. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டது இதே கைதான். கூட்டத்தில் அப்பா ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அக்கா அதை எங்கே வாங்கினாள் என்று அப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று மகளுக்கு இப்போது உறைத்தது. கேட்டருகே போனாள்.

"அக்கா, அன்னைக்கு மொத்த மார்க்கெட்ல அப்பாவப் பாத்தியா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சிடுச்சா?"

"பாத்தியா?"

"பாக்காம என்ன? அந்த மழைல லாரி வரலன்னு அவரே வந்திருந்தாரு. ஒரே குவியல்லதான் பொறுக்கினோம். எனக்கு ஒண்ணும் தெரியாது, முதல் தடவை. அவருதான் நல்லதாப் பொறுக்கிப் போட்டாரு. 'இது எடும்மா, இது மொனை உடைஞ்சது வேணாம்'னு. மூட்டையத் தூக்கி விட்டதும் அவருதான்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "மண்ணுல பொரட்டணும்னு மட்டும் சொல்லிக் குடுக்கல."

"கூட்டத்துல ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா?"

அவள் பக்கத்தில் கிடந்த நாற்காலியை அக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

"நீ கேரட்டக் கையில எடுத்துக்கிட்டு என்னை ஒரு பார்வை பாத்த பாரு. நானே திருடின்னு எனக்கே தோணிடுச்சு. அந்தப் பார்வைகிட்ட என்னத்த பேசறது?"

"இன்னைக்கு ஏன் வந்த?"

"ஏழு வருஷம் பக்கத்துக் கடை. வராம இருக்க முடியுமா?" கேட்டைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். "ஒருவேளை சொல்லிட்டுப் போயிருப்பாரோன்னும் பாக்க வந்தேன். சொல்லல போல."

"சொல்லல."

பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்தது. எடுத்துப் போகும்போது அப்பாவின் வலது கை கொஞ்சம் வெளியே தெரிந்தது. நான்கு நகம் சுத்தமாக இருந்தது. கட்டைவிரலில் மட்டும் மண் அப்படியே இருந்தது. அது தோட்டத்து மண்ணா, தொட்டி மண்ணா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். யாரோ அவளைத் தாங்கிப் பிடித்து, அழுதுடும்மா, அழுதுட்டா சரியாயிடும் என்றார்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவள் பெட்டிகளை வேனில் ஏற்றினாள். அம்மா பின்வாசலில் நின்றாள். தொட்டியில் தண்ணீர் தெளித்து மண்ணைக் கிளறி வைத்திருந்தாள்.

"பொரட்டாம எடுத்துட்டுப் போறியே."

"ஆமா."

"சாப்பாட்டுக்கு என்னடி செய்வோம்?"

அவள் வேனை எடுத்தாள்.

சந்தையில் எல்லாரும் கடையைப் பாதி விரித்துவிட்டு மௌனத்துக்காகக் காத்திருந்தார்கள். தலைவர் ஒரு சின்ன மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். பதினைந்தாம் எண் இடம் இரண்டு வருடமாகக் காலி. அதில் யாரோ சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள். அவள் பதினான்காம் எண் பலகைமேல் முதல் பெட்டியைக் கவிழ்த்தாள். பிறகு இரண்டாவது. ஆறும். வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது, கேரட் பளபளத்தது. சிலேட்டில் எழுதிச் சாய்த்து வைத்தாள்: கேரட். வெளிச்சரக்கு. கிலோ முப்பது.

தலைவர் மைக்கோடு வந்து நின்றார். சிலேட்டைப் படித்தார், கேரட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். யாரும் அறிவிக்காமலே அந்த ஒரு நிமிட மௌனம் வந்து போனது.

"இன்னைக்கு மட்டுமாம்மா?" என்றார் தலைவர், மைக்கை மூடிக்கொண்டு.

"பத்து வருஷமா."

"மெதுவாப் பேசு. பலகைக்குச் சொல்லியாச்சு."

"வரி எழுதித் தரேன்னேன் இல்ல? அதுதான்" என்று சிலேட்டைக் காட்டினாள்.

டீச்சர் வந்தாள். ஒரு கேரட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள், திரும்ப வைத்தாள், அடுத்த கடைக்குப் போனாள். விலையை மட்டும் பார்த்த சிலர் வாங்கினார்கள். பதினோரு மணிக்குச் சந்தை கலைந்தபோது பெட்டிகளில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. அவள் சங்கப் பதிவேட்டை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் விரித்தாள். கீரைக்கார அக்காவின் பெயருக்கு நேரே தன் கையெழுத்து இருந்த பக்கம். அதற்குக் கீழே அதே மாதிரிக் கோடு போட்டு எழுதினாள்.

கடை எண் 14. வெளிச்சரக்கு, கேரட், ஆறு பெட்டி, நூற்றிருபது கிலோ. அபராதம் 2000. கடை ரத்து. செயலாளர் கையெழுத்து.

பிறகு பேனாவை எடுக்காமல் ஓரத்தில் கணக்கைத் தொடர்ந்தாள்.

வரவு, முப்பத்தெட்டு கிலோ: 1140.
லாரிக்காரருக்கு: 2160.
அபராதத்துக்கு: 2000.
பாக்கி: 3020.

கடை எண் 15க்குத் தர வேண்டியது, வராத ஞாயிறு: நூற்று நான்கு.
ஒரு ஞாயிற்றுக்கு: