ஹேமமாலி ஏறிய பஸ்

ஹக்கலை பூந்தோட்டத்து வாசலில் அன்று அப்படியொரு மூடுபனி. கழிப்பறை வரிசையில் நின்று நேரம் போய்விட்டதே என்று ஓட்டமும் நடையுமாக வந்த ஹேமமாலி, உறுமிக்கொண்டிருந்த நீல பஸ்ஸில் தாவி ஏறி, காலியாக இருந்த இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடி முழுக்க ஈரம். கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் பஸ் வளைவு திரும்பிவிட்டது. யாரோ ஒரு பெண் அவள் கையில் சுடச்சுட மீன் கட்லட் ஒன்றை வைத்தாள்.

அவள் வந்த சுற்றுலா பஸ்ஸில் மீன் கிடையாது. சைவச் சாப்பாடு என்பது அவள் கணவர் திலகசிறியின் உத்தரவு. மாவனெல்லையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரம்பும் கையுமாகத் திரியும் ஒழுக்க ஆசிரியர் அவர். ஆசிரியர் குடும்பங்களின் சுற்றுலாவையும் அவர்தான் நடத்தினார். மதியம் வரைக்கும் பக்திப் பாட்டு மட்டும்தான்.

ஹேமமாலி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு முகம்கூடத் தெரிந்த முகமில்லை.

"ஐயையோ! இது எந்த பஸ்?"

"நீர்கொழும்புலேருந்து சுற்றுலா வந்த பஸ் அக்கே," என்றாள் கட்லட் கொடுத்த டல்சி. "நான்கூட டிரைவரோட சொந்தக்காரின்னு நெனச்சேன்!"

பஸ்ஸே சிரித்தது. ஹேமமாலிக்கு அழுகை முட்டியது. கைப்பையும் போனும் அவள் வந்த பஸ்ஸில். டல்சியின் புருஷன் கிளாரன்ஸ் தன் போனை நீட்டினான். மீன்பிடி வள்ளக்காரன், குரல் கடலுக்குக் கேட்கிற மாதிரி இருக்கும்.

திலகசிறிக்கு மனைவி பஸ்ஸில் இல்லை என்பதே போன் வந்த பிறகுதான் தெரிந்தது. எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்த்தவர், அவளை மட்டும் கூப்பிடவில்லை.

"கண்ணு எங்க போச்சு உனக்கு? அங்கேயே எறங்கி நில்லு!"

வெளியே பனியையும் லீக்ஸ் காய்கறிப் பாத்திகளையும் தவிர ஒன்றுமில்லை. டல்சி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சேர், நடுவழியில ஒரு பொம்பளைய எறக்கிவிடுற பழக்கம் எங்க ஊர்ல இல்ல. எல்ல ஊர் பாலத்துக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. கட்லட் இருக்கு, உங்களுக்கும் தர்றோம்."

போனை வைத்துவிட்டாள். விசில் பறந்தது. ஹேமமாலி வாயைப் பொத்திக்கொண்டாள். அவரிடம் இப்படிப் பேசி உயிரோடிருக்கிற ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"மாவனெல்லைக்காரங்களுக்குப் பாட வராதோ?" என்று கிளாரன்ஸ் சீண்டினான்.

"ஏன் வராது?" என்றது அவள் வாய், அவளைக் கேட்காமலே.

வெலிமடை தாண்டுவதற்குள் இரண்டு பாட்டு. பண்டாரவளையில் கைதட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். அதற்குப் பிறகு உட்காரவேயில்லை. பஸ் சாய்ந்த பக்கமெல்லாம் அவளும் சாய்ந்தாள். யார்மீது விழுந்தாலும் அவர்கள் தூக்கி நிறுத்தி அடுத்த ஆட்டத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

எல்லவில் பஸ்ஸை விட்டிறங்கி, தேயிலைக்கு நடுவே சறுக்கிக்கொண்டு ஒன்பது வளைவு ரயில் பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது, பக்கத்துச் சுரங்கப்பாதைக்குள் ரயில் கூவியது. ஓரத்துக்கு ஒதுங்கி எல்லாரும் கையாட்டத் தயாரானார்கள். அதே நேரம் திலகசிறி வந்தார். முழங்கால் வரைக்கும் செம்மண்; வழியில் விழுந்திருக்கிறார். அவள் எதிரே நின்று விரலை நீட்டி, "நீ..." என்று தொடங்கினார்.

ரயில் வெளியே பாய்ந்தது. ஊதல் காதைப் பிளந்தது. அவர் வாய் திறக்கிறது, மூடுகிறது, விரல் ஆடுகிறது. ஒரு சொல் கேட்கவில்லை. கடைசிப் பெட்டி வரைக்கும் விடாமல் திட்டினார். ஹேமமாலி முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடியிலேயே சாய்ந்து சிரித்தாள். ரயில் போனபோது அவரிடம் திட்டும் தீர்ந்திருந்தது, மூச்சும் தீர்ந்திருந்தது.

டல்சி கட்லட்டை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், ஹேமமாலியைப் பார்த்தார், வாங்கிக் கடித்தார்.

"சரி, வா. நம்ம பஸ்ஸுக்குப் போலாம்."

"ராவணா நீர்வீழ்ச்சி வரைக்கும் நான் இவங்களோடதான் வரப்போறேன்," என்றாள் அவள். "நீங்களும் வாங்களேன்."

அவர் பதில் சொல்வதற்குள் மேலே சாலையிலிருந்து ஆட்டம்போட வைக்கும் பைலாப் பாட்டு கேட்டது. அவர் இறங்கி வந்த பஸ்தான். ஆசிரியர்கள் எல்லாரும் கூரை பிய்ந்து போகிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எப்படா சேர் எறங்குவாருன்னு இருந்திருக்காங்க பாவம்," என்றான் கிளாரன்ஸ்.

திலகசிறி நீர்கொழும்பு பஸ்ஸில் ஏறினார். கடைசி இருக்கையில் அவர் மடியில் மத்தளத்தை வைத்தார்கள். அடித்தார், தாளம் எங்கேயோ போயிற்று.

"சேர், மெதுவா! அது பள்ளிக்கூடப் பையனோட முதுகு இல்ல!" என்று கத்தினான் கிளாரன்ஸ்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஹேமமாலி அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஒன்று இரண்டு என்று அடித்துக் காட்டினாள். மலை வளைவில் நீர்வீழ்ச்சியின் சாரல் ஜன்னல் வழியே உள்ளே அடித்தது. யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை.