தணிகாசலம் ஆட்டத்தில் சேர்ந்த வெள்ளிக்கிழமை

ஓடக்கரைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் ஒரு ஆட்டமாவது முழுசாக ஆடி முடிக்கும்வரை ஒப்புக்குச் சப்பாணிதான். மழை அவர்கள்மேல் பெய்யும், நனைக்காது. நாய் குரைக்காது. வரிசையில் அவர்கள் நிற்கும் இடத்திலேயே இன்னொருவர் வந்து நிற்பார். அவர்கள் சொல்வது காதில் விழும், சொன்னதாக ஆகாது. ஊர் அப்படி.

இதற்கென்று நகராட்சியில் ஒரு வேலை உண்டு. புது ஆளின் வீட்டுக்குப் போய் சுலபமான ஆட்டம் ஒன்றைப் பழக்கிவிட்டு வரவேண்டும். இருபத்தாறு வருஷமாக அதைப் பார்ப்பவள் பரிமளம். சம்மணம் போட்டுப் போட்டு முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. வேலையில் பெரிய சூட்சுமம் கிடையாது. முதல் நாளே ஆடுபுலியை விரிக்கக் கூடாது, ஆள் மிரண்டுவிடுவான். விதி மூன்றுக்கு மேல் சொல்லக் கூடாது. அவன் யோசிக்கும்போது நாம் கொட்டாவி விடக் கூடாது. கடைசிதான் கஷ்டம்.

பெரும்பாலோர் பாம்புக் கட்டத்தை அரை மணியில் முடித்துவிடுவார்கள். தெற்குத் தெருவுக்கு மாற்றலாகி வந்த தணிகாசலத்தின் மனைவி கோமளவல்லியும் மகள் யாமினியும் வந்த அன்றே முடித்து, அன்று சாயங்கால மழையில் சொட்டச் சொட்ட நனைந்தார்கள். தணிகாசலம் மட்டும் நாற்பது நாளாகக் காய்ந்துகொண்டிருந்தார்.

தானியக் கிடங்கில் கண்காணிப்பாளர். மரியாதை தெரிந்த மனிதர்தான். ஆனால் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் கை தானாகப் போய்க் காயையெல்லாம் கலைத்துவிடும். ஆட்டம் முடியாது. அழுகுணி ஆட்டம் ஓடக்கரையில் செல்லாது. பரிமளம் வேண்டுமென்றே தோற்கவும் வழியில்லை. விட்டுக்கொடுக்க நினைத்தால் உருட்டிய தாயக்கட்டை செங்குத்தாக நின்றுகொள்ளும், விழாது.

வெள்ளிக்கிழமை யாமினியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"பிள்ளை வீட்டுக்காரங்க சம்மதமான்னு கேட்பாங்க மேடம்," என்றாள் கோமளவல்லி. "இவரு சம்மதம்னு சொல்லுவாரு. சொன்ன மாதிரியே இருக்காது. பொண்ணோட அப்பன் வாயே திறக்கலைன்னு எழுந்து போயிடுவாங்க. இவளுக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கு."

"அம்மா!" என்றாள் யாமினி.

"பிடிச்சிருக்குன்னுதானே சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலை பரிமளம் கட்டம் போட்ட துணியை விரித்தாள். நகராட்சித் தாயம். இதில் தாயம் விழாமலே காயை இறக்கலாம். ஆளுக்கு ஒரே காய், சுற்றிவந்து நடுக்கட்டத்தில் ஏறினால் பழம். எதிராளி அதே கட்டத்துக்கு வந்தால் வெட்டு, மறுபடி முதல் கட்டம். இரண்டு பேரும் பழமானால்தான் ஆட்டம் முடிந்தது. இதைவிடச் சுலபமாக எவனாலும் ஆட்டம் செய்ய முடியாது.

தணிகாசலத்துக்குப் புளியங்கொட்டை. பரிமளத்துக்கு வளையல் துண்டு. புளியங்கொட்டை பழமாக இரண்டே கட்டம் இருந்தபோது பரிமளத்துக்கு நாலு விழுந்தது. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

"வெட்டு, சார்."

கை எழுந்தது.

"உங்களுக்கென்ன மேடம், வெட்டிட்டுப் போயிடுவீங்க," என்றார் தணிகாசலம். "பதினோரு ஊர் மாத்தல் எனக்கு. பால்காரன் பேர் மனசுல நிக்கிற நேரத்துல வெட்டிடுவானுங்க. மறுபடி முதல் கட்டம். இங்க பாய் போட்டு உட்கார்ந்து வேற வெட்டணுமா?"

"நான் இருபத்தாறு வருஷமா தினம் முதல் கட்டத்துலதான் சார் உட்கார்றேன்," என்றாள் பரிமளம். குரலில் கோபமில்லை, அலுப்புதான். "ஆள் பழகினதும் எழுந்து போயிடணும். இந்த ஊர்ல ரெண்டாவது ஆட்டம் என்கூட யாரும் ஆடினதில்லை. கலைக்கிறதா இருந்தா சீக்கிரம் கலைங்க. முட்டி வலிக்குது."

கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. அடுத்த அறையில் யாமினிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் புளியங்கொட்டையை எடுத்து முதல் கட்டத்தில் வைத்தார். வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"யார் முறை?"

"உங்க முறை."

பிள்ளை வீட்டார் பன்னிரண்டு மணிக்கு வந்தபோதும் ஆட்டம் முடியவில்லை. பையன், அப்பா, அம்மா. விருந்தாளிகளுக்கு ஊர் விதி கிடையாது, சாயங்காலம் போய்விடுவார்கள். கேசரி சாப்பிட்டார்கள். யாமினியைப் பார்த்தார்கள். பையன் கேசரியை மறந்துவிட்டுப் பார்த்தான்.

"எங்களுக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்குச் சம்மதங்களா?" என்றார் பையனின் அப்பா.

"சம்மதம்," என்றார் தணிகாசலம், உருட்டிக்கொண்டே. மூணு விழுந்தது.

பையனின் அப்பா காத்திருந்தார். மறுபடி கேட்டார். தணிகாசலம் மறுபடி சொன்னார். ஐந்து விழுந்தது.

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம தாயம் ஆடுற வீடு. எழுந்திருடா," என்று அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். பையன் எழுந்திருக்கவில்லை. வளையல் துண்டு எப்போதோ பழமாகிவிட்டது. புளியங்கொட்டைக்கு இன்னும் இரண்டு கட்டம். தணிகாசலம் கட்டையை உள்ளங்கையில் தேய்த்து உருட்டினார். இரண்டு.

"பழம்," என்றாள் பரிமளம்.

தெருவில் நாய் குரைத்தது.

"சம்மதம்!" என்றார் தணிகாசலம்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று பையனின் அப்பா செருப்பைக் கழற்றினார்.

பையனின் அம்மா இரண்டாவது தட்டுக் கேசரியை வாங்கிக்கொண்டாள். "வர்ற வழியில கிழக்கால ஒரு ஆறு. போன மாசம் இந்தப் பக்கம் வந்தப்ப இல்லை. வண்டி தண்ணில இறங்கி ஏறிச்சு, சக்கரம் நனையவே இல்லை. டிரைவர் நின்னு நின்னு பார்த்ததுல நேரமாயிடுச்சு."

"கிழக்காலயா?" என்று பரிமளம் துணியைச் சுருட்டினாள்.

தணிகாசலம் வாசல்வரை வந்தார். "அந்த ஆத்துக்கிட்ட வெட்டு உண்டுன்னு முன்னாடியே சொல்லிடுங்க மேடம்," என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை வாங்க. இன்னொரு ஆட்டம் போடலாம்."

பரிமளம் சுருட்டிய துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

கிழக்கே புது ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மொண்டவர்கள் காலிக் குடத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பரிமளம் முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்து துணியை விரித்தாள். ஆற்றுக்கு ஒரு கூழாங்கல்லைக் காயாகக் கொடுத்தாள். மூன்று விதியையும் சொன்னாள், வெட்டை முதலில். தாயக்கட்டையைத் தண்ணீரில் விட்டாள்.

ஆறு போட்டது ஐந்து.