காரணம் என்ற கட்டம்

உடைந்த ஊசியைக் கொண்டு வந்தால்தான் புது ஊசி. அதுவும் எல்லாத் துண்டும் வேண்டும். ஏற்றுமதியாகும் பேன்ட்டுக்குள் ஒரு முனை சிக்கினாலும் வெளிநாட்டுக்காரன் மொத்தச் சரக்கையும் திருப்பிவிடுவான். துண்டுகளைத் தாளில் ஒட்டி, தைத்தவர் பெயரையும் காரணத்தையும் எழுதி வைப்பது என் வேலை. ஊசி அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

வெளிநாட்டு ஊசிக்குத் தடை வந்தது. இனி எல்லாம் நம் நாட்டு ஊசிதான் என்றார்கள். மூன்று வருடம் வீட்டில் சும்மா கிடந்த என் வீட்டுக்காரருக்கு ஊசித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் சவரம் செய்துகொண்டார், பாட்டுக்கூடப் பாடினார். அந்த ஊசியோ, தடித்த மடிப்பைக் கண்டாலே பட்டென்று ஒடிந்தது.

‘ஊசி சரியில்லை’ என்று எழுதினால் அவர் தொழிற்சாலையிடம் வாங்குவதை எங்கள் கம்பெனி நிறுத்திவிடும். அவர் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். ‘தைப்பவர் கவனக்குறைவு’ என்று எழுதினேன். முதல் நாள் இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுதினேன். அப்புறம் பழகிவிட்டது. நல்ல பழக்கம், போங்கள்!

நேற்று மேனேஜர் தாள்களைப் புரட்டினார். அதிகம் உடைத்தவரை வேலையை விட்டு நிறுத்த வேண்டுமாம். பதினொரு தாளில் ஒரே பெயர். என் தங்கை. தடித்த மடிப்பெல்லாம் அவள் மெஷினுக்குத்தான் வரும். உடையாமல் என்ன செய்யும்?

“ஒருவேளை ஊசிதான் சரியில்லையோ? நீங்கதானே எழுதுறீங்க, சொல்லுங்க” என்றார்.

வாயைத் திறந்தால் போதும்.

“எழுதினது எழுதினதுதான் சார்” என்றேன்.

சாயங்காலம் தங்கை கணக்கை முடித்துக்கொண்டு கத்தரிக்கோலை ஒப்படைக்க வந்தாள். உள்ளங்கையில் இன்னொரு உடைந்த ஊசி, மூன்று துண்டாக.

“மாமா வேலைக்காகத்தானேக்கா?”

நான் புதுத் தாளையும் பசையையும் எடுத்தேன்.

“முனையும் இருக்கு, பாத்துக்கோ. காரணத்த மட்டும் நீயே போட்டுக்கோ.”

போட்டேன். அதே காரணம். அழுகை வரும் என்று சற்று நேரம் காத்திருந்தேன். வரவில்லை. அலமாரியைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

“உங்க கம்பெனி ஆர்டரை ரெண்டு மடங்காக்கிட்டாங்க! நம்ம ஊசி அவ்வளவு பிடிச்சுப் போச்சு பாரேன். உன் தங்கச்சிகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவா.”

“அவளுக்குத் தெரியும்” என்றேன்.